ஆயுத பூஜை விடுமுறையில் ஹன்லே போகலாமா?

கோவையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: ஆயுத பூஜையை ஒட்டி ஐந்து நாள் விடுமுறை வருகிறது, லடாக்கில் ஹன்லேக்குப் போய் நட்சத்திரம் பார்க்க வேண்டும், கூட 62 வயது அம்மாவும் ஒன்பது வயதுப் பையனும் வருகிறார்கள், பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு தொலைநோக்கி வாங்கிக்கொண்டு போகலாமா, எது நல்லது? தொலைநோக்கிக்குக் கடைசியில் வருகிறேன். இந்தப் பயணத்தில் அது ரொம்பச் சின்ன விஷயம். இந்த மூன்று பேர், இந்த ஐந்து நாளில், அந்தத் தேதியில், அந்த உயரத்துக்குப் போனால் வானம் பார்க்கக் கிடைக்குமா என்பதுதான் உங்கள் கேள்விக்குள் இருக்கும் கேள்வி. கிடைக்காது என்பது என் பதில். தேதியை இரண்டு வாரம் முன்னால் தள்ளி, நாட்களை இரட்டிப்பாக்கினால் கிடைக்கும்.

நான் மருத்துவன் இல்லை, வானியல் ஆய்வாளனும் இல்லை. இருபது வருடமாக ஜவ்வாது மலையிலும் கொல்லிமலையிலும் பைனாகுலரும் பாயுமாக அலைகிற ஆள். ஹன்லேக்கு மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை போனதைப் போனதாகக் கணக்கு வைக்க முடியாது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் நிலா. ஹன்லேயின் இருட்டைப் பற்றி எவ்வளவு படித்திருந்தாலும், நிலா இருக்கும் இரவில் அந்த இருட்டு உங்களுக்குக் கிடையாது. அங்கே காற்று சுத்தம், தூசி குறைவு, தரை வெளிர்மணல். பாதி நிலாவே போதும், உங்கள் நிழல் தரையில் விழும். பால்வீதி வெளிறிப்போகும். ஆயுத பூஜை எந்தத் திதியில் வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். நவராத்திரி அமாவாசைக்கு மறுநாள் தொடங்குகிறது. ஆயுத பூஜை வளர்பிறை நவமி. அதாவது ஒவ்வொரு வருடமும், தவறாமல், அன்றைக்கு நிலா பாதிக்கு மேல் வளர்ந்திருக்கும். சாயங்காலமே வானத்தில் நின்றுகொண்டு நள்ளிரவை ஒட்டித்தான் மறையும். அடுத்தடுத்த நாள் இன்னும் மோசம், நிலா சராசரியாக ஐம்பது நிமிடம் தாமதமாக மறைந்துகொண்டே போகும். உங்கள் ஐந்து நாளில் கடைசி இரண்டு நாள்தான் ஹன்லேயில் என்றால், நிலா மறைவதற்கும் கிழக்கு வெளுப்பதற்கும் நடுவே மூன்று நான்கு மணி நேரம் மிஞ்சும். ஒன்பது வயதுப் பையனை மைனஸ் குளிரில் ராத்திரி ஒன்றரை மணிக்கு எழுப்பிக் கூட்டிவர முடியுமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்குச் செயலியெல்லாம் தேவையில்லை. வீட்டில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டர் போதும். அமாவாசைக்கு நான்கு நாள் முன்னாலிருந்து நான்கு நாள் பின்னால் வரை, அதற்குள் உங்கள் ஹன்லே இரவுகள் விழ வேண்டும். அப்படிப் பார்த்தால் நவராத்திரிக்கு முந்தைய மகாளய அமாவாசை அருமையான நாள். பெரும்பாலான வருடங்களில் பள்ளிகளின் காலாண்டு விடுமுறையும் அதை ஒட்டியே வரும். மழைக்கால மேகம் விலகியிருக்கும், குளிர் இன்னும் எல்லை மீறியிருக்காது. அன்றைக்கு வீட்டில் திதி கொடுக்கிற வழக்கம் இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. தர்ப்பணத்தை முடித்துவிட்டு மறுநாள் கிளம்பினால், லேயில் தங்கி ஹன்லே போய்ச் சேரும்போது பஞ்சமி, சஷ்டி ஆகியிருக்கும். அந்தப் பருவத்தில் வளர்பிறை நிலா தெற்கே சாய்ந்து ஓடுவதால் சீக்கிரம் மறையும். பஞ்சமி அன்று ஒன்பது மணிக்குள் போய்விடும், அதற்குப் பிறகு முழு இரவும் உங்களுடையது. தீபாவளியும் தேய்பிறைச் சதுர்த்தசி, நிலாத் தொல்லை இல்லைதான். ஆனால் அதற்குள் குளிர் கடுமையாகிவிடும், தங்கும் வீடுகள் சில மூடிவிடும். அம்மாவையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு அது வேண்டாம்.

அடுத்தது உயரம். நான் பயப்படுத்துவதாக நினைக்க வேண்டாம்; இதில் பயப்படுவதே சரி. லே நகரம் சுமார் 3,500 மீட்டர், ஹன்லே கிராமம் சுமார் 4,300 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் அறுபது சதவீதம்தான், ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். 3,000 மீட்டருக்கு மேலே, முந்தைய இரவு தூங்கிய உயரத்தைவிட ஐந்நூறு மீட்டருக்கு மேல் ஏறித் தூங்கக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. கோவையிலிருந்து விமானத்தில் போகிற நீங்கள் லேயில் இறங்கும்போதே அந்தக் கணக்கை உடைத்துவிட்டீர்கள். அதனால்தான் லேயில் குறைந்தது மூன்று இரவு என்கிறேன். முதல் இரண்டு நாள் ஒன்றும் செய்யாதீர்கள். கடைவீதி நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும். பிறகு நேராக ஹன்லே போகாமல் வழியில் சுமதாங்கில் ஓர் இரவு. சுமார் 4,000 மீட்டர் உயரம், சிந்து நதிக் கரை, வெந்நீர் ஊற்று இருக்கிறது, அம்மாவுக்குப் பிடிக்கும். அதற்கு அடுத்த நாள் நியோமா, லோமா வழியாக ஹன்லே. லேயிலிருந்து மொத்தம் 260 கிலோமீட்டர் அளவில் வரும்.

சாலை வழியாக லே போகலாமா என்று கேட்பீர்கள். நாள் இருந்தால் ஸ்ரீநகர், கார்கில் வழி நல்லது. கார்கில் 2,700 மீட்டர்கூட இல்லை, உடம்பு படிப்படியாகப் பழகும். மணாலி வழியில் ஐயாயிரம் மீட்டர் தாண்டிய கணவாய்களைக் கடந்து, நடுவில் உயரத்திலேயே தூங்க வேண்டி வரும். பழக்கப்படுத்திக்கொள்வதற்கு அந்த வழி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, என் கதை. 2016இல் நானும் ஒரு நண்பரும் போனோம். பயண ஏற்பாடு செய்தவர், "ஒரு நாள் ரெஸ்ட் எடுத்தா போதும் சார், நிறைய பேர் போறாங்க" என்றார். எங்களுக்கும் அமாவாசை தவறிவிடும் என்ற அவசரம். மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டோம். மாலை ஹன்லேயில் இறங்கியபோது தலைக்குள் யாரோ உளி வைத்துத் தட்டுகிற மாதிரி இருந்தது. இரவு இரண்டு முறை வாந்தி. தங்கியிருந்த வீட்டு அம்மாள், அங்கே மரியாதையாக ஆமா-லே என்று கூப்பிடுவார்கள், பூண்டு சூப் வைத்துக் கொடுத்தார், குடிக்க முடியவில்லை. அங்கே கழிப்பறை வீட்டுக்கு வெளியே, மண் போட்டு மூடுகிற உலர் கழிப்பறை. நள்ளிரவில் சுவரைப் பிடித்துக்கொண்டு அதற்குப் போய்த் திரும்பிய மூன்று நிமிடம்தான் அந்தப் பயணத்தில் நான் பார்த்த வானம். நிமிர்ந்தேன், ஆண்ட்ரோமீடா விண்மீன் திரள் உச்சியில் இருந்தது, தலை சுற்றியது, உட்கார்ந்துவிட்டேன். விடிந்ததும் கீழே இறங்கிவிட்டோம். எனக்குத் தலைவலியோடு போயிற்று, அதிர்ஷ்டம்.

எல்லோருக்கும் அப்படிப் போவதில்லை என்பதால் இதைச் சொல்கிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் நிற்காமல் வந்தால், அது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதாக இருக்கலாம். நடை தள்ளாடினால், பேச்சு குழம்பினால், மூளை வீங்குகிறது என்று அர்த்தம். இரண்டுக்கும் முதல் வைத்தியம் கீழே இறங்குவது. ஹன்லேயின் சிக்கல் இதுதான்: சுற்றுப்புறம் முழுக்க மேட்டுநிலம், ஒரு மணி நேரத்தில் ஆயிரம் மீட்டர் இறங்கிவிடலாம் என்கிற மலைச்சரிவு கிடையாது. லேக்குத் திரும்ப ஏழெட்டு மணி நேரம், அதுவும் 3,500 மீட்டர். கடையில் விற்கிற சின்ன ஆக்சிஜன் டப்பா சில நிமிடத்தில் தீர்ந்துவிடும், அதை நம்பிப் போகாதீர்கள். அசெட்டசோலமைடு மாத்திரை பலருக்கு உதவுகிறது. எனக்கும் பின்னால் உதவியது. ஆனால் சல்பா ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சிக்கல் வரலாம், அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரையோடு சேருமா என்பதையும் பார்க்க வேண்டும். அம்மாவின் இதயம், நுரையீரல், இரத்த அழுத்தம் மூன்றையும் அவருடைய மருத்துவரிடம் காட்டி, ஊரின் உயரத்தை மீட்டர் கணக்கில் சொல்லிக் கேளுங்கள். "லடாக் போறோம்" என்று மட்டும் சொன்னால் அவர் லேயை நினைத்துத் தலையாட்டிவிடுவார். குழந்தைக்கு வயது காரணமாக அபாயம் கூடுதல் என்று சொல்ல முடியாது. ஆனால் தனக்கு என்ன செய்கிறது என்று குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. விளையாடுகிற பையன் சுருண்டு படுத்துக்கொண்டு சாப்பாடு வேண்டாம் என்றால் அதைத் தலைவலியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஹன்லே வரைக்கும் வந்துவிட்டோமே, உம்லிங் லாவையும் பார்த்துவிடலாம் என்று ஓட்டுநர் கட்டாயம் கேட்பார். 19,000 அடிக்கு மேலே வண்டி போகிற சாலை அது. படம் எடுத்துப் போட நன்றாக இருக்கும். அன்று ராத்திரி வானம் பார்க்க யாருக்கும் தெம்பு இருக்காது. அம்மாவும் பையனும் இருக்கும்போது வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் போக வேண்டும் என்றால், காரணம் இருக்கிறது. இந்திய வானியற்பியல் நிறுவனம் நாடு முழுக்கத் தேடி அந்த மேட்டைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. குளிர்ப் பாலைவனம், மழை மிகக் குறைவு, காற்றில் ஈரம் இல்லை, பக்கத்தில் நகரம் இல்லை. கிராமத்துக்கு மேலே 4,500 மீட்டரில் இரண்டு மீட்டர் விட்டமுள்ள இமாலய சந்திரா தொலைநோக்கி இருக்கிறது. நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர்தான். வேடிக்கை என்னவென்றால் அதைப் பயன்படுத்துகிற விஞ்ஞானிகள் பெரும்பாலும் ஹன்லேக்குப் போவதில்லை. பெங்களூரு பக்கத்தில் ஒசகோட்டையில் உட்கார்ந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியாகத் திருப்புகிறார்கள். மூச்சு வாங்காமல் வானம் பார்க்கிற வழி தெரிந்தவர்கள். 2022 டிசம்பரில் அந்தத் தொலைநோக்கியைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பை இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். கிராமத்து இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி கொடுத்து, தொலைநோக்கியும் கொடுத்திருக்கிறார்கள்.

உயரம் கூடினால் வானம் நன்றாகத் தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. வானம் நன்றாகத்தான் இருக்கும், கண்ணுக்குத்தான் சரியாகத் தெரியாது. இருட்டில் வேலை செய்கிற விழித்திரைச் செல்களுக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும். அது குறைந்தால் முதலில் மங்குவது இரவுப் பார்வை. இரவில் பறக்கும் விமானிகளுக்கு ஐயாயிரம் அடியிலிருந்தே ஆக்சிஜன் பயன்படுத்தச் சொல்வது இதனால்தான். பழகாத உடம்போடு முதல் இரவே வெளியே வந்து, "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே ஆட்கள் மூன்றாம் இரவு வாயடைத்து நின்றார்கள். இது உடம்பு பழகியதாலா, மேகம் விலகியதாலா, இருட்டில் பார்க்கிற பழக்கம் வந்ததாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றும் சேர்ந்துதான் இருக்க வேண்டும். அதனால் ஹன்லேயில் மூன்று இரவு வையுங்கள். ஓர் இரவு மேகத்துக்கு, ஓர் இரவு அலுப்புக்கு, ஓர் இரவு உங்களுக்கு.

அந்த ஒரு இரவில் என்ன பார்க்கலாம்? அக்டோபர் முதல் வாரம் என்று வைத்துக்கொள்வோம். ஏழரை மணிக்கு முழு இருட்டு. தென்மேற்கில் தனுசு ராசிப் பக்கம் பால்வீதியின் மையம் தாழ்வாக நிற்கும். ஒன்பதரைக்குள் மலைக்குப் பின்னால் போய்விடும், அதனால் இரவுச் சாப்பாட்டை முன்னாலோ பின்னாலோ தள்ளுங்கள். அங்கிருந்து பால்வீதி உச்சந்தலை வழியாக வடகிழக்கு வரை ஓடும். நடுவில் கறுப்பாக வெட்டியது போல ஒரு பிளவு தெரியும், அது தூசிப்படலம். நள்ளிரவை ஒட்டி ஆண்ட்ரோமீடா விண்மீன் திரள் கிட்டத்தட்ட உச்சிக்கு வரும். 25 லட்சம் ஒளியாண்டு தொலைவு, வெறுங்கண்ணுக்கு நீள்வட்டப் புகையாகத் தெரியும். பையனுக்கு ஒரு வேலை கொடுங்கள்: கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை நட்சத்திரம் என்று எண்ணச் சொல்லுங்கள். கோவை மொட்டைமாடியில் நாலைந்து தெரிந்தால் அதிகம். அங்கே அவன் பத்து வரை போகலாம். அம்மாவுக்கு அவ்வளவு தெரியாது. வயதானால் கண்மணி இருட்டில் முழுதாக விரியாது, கண்புரை இருந்தால் இன்னும் குறையும். போவதற்கு முன் அவரைக் கண் மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். விடியலுக்கு முன்னால் கிழக்கில் கூம்பு மாதிரி ஒரு வெளிர் ஒளி எழும்பும். விடிந்துவிட்டது என்று நினைத்துப் படுக்கப் போய்விடாதீர்கள், அது சூரியனைச் சுற்றியுள்ள தூசியில் படுகிற வெளிச்சம், இராசிமண்டல ஒளி. அந்தப் பருவத்தில் அது நன்றாகத் தெரியும்.

அங்கே பார்க்க முடியாததையும் சொல்லிவிடுகிறேன். தென்சிலுவை கிடையாது, அது அடிவானத்துக்கு மேலே வராது. நம் அகத்திய நட்சத்திரம் அதிகபட்சம் நாலரை டிகிரி ஏறும், மலை மறைத்துக்கொள்ளும். கொடைக்கானலிலிருந்து இரண்டும் தாராளமாகத் தெரியும். தெற்கு வானத்துக்கு நம் ஊர் மலைதான் மேல்.

நடைமுறை விஷயங்கள் சில. ராத்திரி வெள்ளை வெளிச்சம் கூடாது. கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், ஒரே ஒரு செல்போன் திரை அதை அழித்துவிடும். டார்ச்சில் சிவப்பு செலோபேன் காகிதம் இரண்டு மடிப்பு கட்டிக்கொள்ளுங்கள். காரின் உள்விளக்கு கதவைத் திறந்தால் எரியாதபடி செய்யச் சொல்லுங்கள், முகப்பு விளக்கு தாழ்ந்த ஒளியில் மட்டும். தொலைநோக்கி மேட்டைப் பகலில்தான் பார்க்க வேண்டும். அங்கே சீனாவுடனான எல்லைக் கோடு பக்கம், வேறு மாநிலத்து ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு எடுத்துப் போங்கள். அனுமதிச் சீட்டு, கட்டண விதிகள் அடிக்கடி மாறுகின்றன. என் அனுபவத்தை நம்பாமல் கிளம்புகிற வாரத்தில் லே நிர்வாகத்தின் இணையதளத்தில் பாருங்கள், ஆதார் நகல் ஐந்தாறு கையில் இருக்கட்டும். அக்டோபர் தொடக்கத்திலேயே இரவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே ஐந்து டிகிரி, அதற்கும் கீழே போகும். காற்று அடித்தால் கால்விரல்தான் முதலில் மரத்துப்போகும், இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை கட்டாயம். சாப்பாட்டைப் பொறுத்தவரை, அங்கே தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாவிட்டால் சோறு விதையாக இருக்கும். துக்பா என்கிற நூடுல்ஸ் சூப் கேளுங்கள், அம்மாவுக்கும் அது ஒத்துக்கொள்ளும்.

விடுமுறை ஐந்து நாளுக்கு மேல் கிடைக்கவே கிடைக்காது என்றால், இந்த வருடம் ஹன்லேயை விட்டுவிடுங்கள். அதே அமாவாசைக்கு ஜவ்வாது மலை போங்கள். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, ஹன்லேயை நடத்துகிற அதே நிறுவனம்தான். சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம், கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்காடு, கொல்லிமலை எல்லாம் நகர வெளிச்சத்தில் கொஞ்சம் கெட்டுவிட்டன, ஜவ்வாது இன்னும் பரவாயில்லை. அங்கே இரண்டு இரவு படுத்துப் பார்த்தால், பையனுக்கு இதில் நிஜமாகவே ஆசை இருக்கிறதா, பத்து நிமிடத்தில் "வீட்டுக்குப் போலாம்பா" என்கிறானா என்பதும் தெரிந்துவிடும்.

இனி தொலைநோக்கி. வேண்டாம். அந்த விலைக்குக் கிடைப்பதில் பெரும்பாலானவற்றின் முக்காலி காற்றில் ஆடும், விமானத்தில் கண்ணாடி நகரும், குளிரில் கையுறையோடு அதைத் திருப்ப முடியாது. நிலாவையும் சனியையும் காட்டுவதற்கு அது சரி. அதற்குக் கோவையே போதும். ஹன்லேயில் கிராமத்து வழிகாட்டிகளிடம் நல்ல பெரிய தொலைநோக்கி இருக்கிறது, கட்டணம் கொடுத்தால் பார்க்கலாம், அந்தக் காசு அந்த ஊருக்கே போகும். நீங்கள் வாங்க வேண்டியது 10x50 அல்லது 7x50 பைனாகுலர் ஒன்று (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில்), ஆறேழாயிரத்துக்குள் முடிந்துவிடும். மிச்சப் பணத்தில் அம்மாவுக்கு நல்ல பஞ்சு ஜாக்கெட் வாங்குங்கள். அங்கே போனதும் தங்குகிற வீட்டில் கேட்டு, முற்றத்திலோ மாடியிலோ ஒரு தடித்த மெத்தையும் இரண்டு ரஜாயும் போடச் சொல்லுங்கள், மூன்று பேரும் படுத்தபடியே பாருங்கள். நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். எனக்கு இரண்டாம் பயணம் முழுக்க அப்படித்தான் போயிற்று.